பேஸ் கிட்டார் ஜாக் கரகரங்குது, வீட்லயே சரி பண்ணிடலாமா?

6 மே 2023, காலை 11.20 (கேள்வி: குடியாத்தம் தம்பி)

பேஸ் வாங்கி மூணு வருஷம் ஆவுது. கேபிள் சொருகுற எடம் ஆடுது, லேசா தொட்டாலே கரகரன்னு சத்தம், சில நேரம் சுத்தமா கட் ஆயிடுது. கடையில கேட்டா ஜாக் மாத்தணும், மெட்ராசுக்கு அனுப்பணும், ஆயிரத்து இருநூறு ஆகும், பத்து நாள் ஆகும்ங்கிறாங்க. வைகாசி ஒண்ணு எங்க ஊர்ல கெங்கையம்மன் சிரசு திருவிழா, எங்க தெருவுல கச்சேரி வெச்சிருக்கோம், நான்தான் பேஸ். வீட்லயே பண்ணிக்கலாமா, இல்ல கைய வெச்சா கெட்டுப் போயிடுமா?

6 மே, மதியம் 1.05 (பதில், இதுக்கு அப்புறம் வர்றதும் நான் எழுதினதுதான்)

பண்ணலாம் தம்பி. பத்து நாள் மெட்ராசுக்கு அனுப்புறதுக்கு அது என்ன ஹார்ட் ஆபரேஷனா. அந்த ஜாக்க, அதாவது கேபிள் சொருகுற சாக்கெட்ட, வெளிய ஒரு நட்டு புடிச்சிட்டு இருக்கும், சொருகி சொருகி எடுத்ததுல அது லூஸ் ஆகியிருக்கும், அவ்ளோதான். 13 நம்பர் ஸ்பானர் எடுத்து வலது பக்கமா திருகு, முடிஞ்சுது. பேஸ்ல வர்ற முக்கால்வாசி வியாதி இதான், எங்கயாவது ஒரு நட்டோ ஸ்க்ரூவோ லூசா இருக்கும்.

6 மே, மதியம் 1.30

ஒண்ணு விட்டுட்டேன். ஸ்பானர தொடுறதுக்கு முன்னாடி வேற கேபிள் போட்டுப் பாரு. ஒரு வாட்டி சர்ச் ப்ராக்டிஸ்ல சத்தம் விட்டு விட்டு வந்துச்சுன்னு நான் பின்பக்க மூடிய கழட்டி, தட்ட கழட்டி, ரெண்டு மணி நேரம் பேஸோட வயித்த கிழிச்சு வெச்சிட்டு உக்காந்திருந்தேன். கடைசில கீபோர்டு வாசிக்கிற பையன் அவன் கேபிள நீட்டி "இத சொருகிப் பாருங்க அங்கிள்"னான். சரியா வந்துச்சு. கேபிளோட பின்னு மண்டைக்குள்ள ஒயர் விட்டுப் போயிருந்துருக்கு. அன்னைக்கு அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

பேஸ் பக்கத்துல பின்ன ஆட்டினா கரகரங்குதா, இல்ல ஒரு அடி தள்ளி ஒயர மட்டும் மடக்கினா கரகரங்குதான்னு பாரு. ஒயர மடக்கினா வருதுன்னா கோளாறு கேபிள்ல.

6 மே, இரவு 9.40

மேல 1.05-க்கு நான் எழுதினத யாரும் அப்படியே செய்யாதீங்கப்பா.

தம்பி போன் பண்ணான். கேபிள் மாத்திப் பாத்தானாம், அப்பவும் கரகர, சரின்னு ஸ்பானர் போட்டு நல்லா இறுக்கியிருக்கான், இப்ப கரகரப்பும் இல்ல சத்தமும் இல்ல, சுத்தமா அவுட். அவன் மேல தப்பே இல்ல. வெளிய நட்ட திருகும்போது உள்ள இருக்குற சாக்கெட்டும் கூடவே சுத்தும், சுத்தினா அதுல பத்தவெச்சிருக்குற ஒயர் முறுக்கிக்கும், ரெண்டு சுத்துல பட்டுனு விட்டுப்போயிடும். இத நான் எத்தனையோ வாட்டி பண்ணியிருக்கேன், ஆனா சொல்லும்போது வாயில வரல. எனக்கு கை பழக்கம், ஒரு கை தானா உள்ள போயிடும், அதனால சொல்லணும்னே தோணல.

சரியான முறை: சாக்கெட் இருக்குற தட்டோட ஸ்க்ரூவ கழட்டி தட்ட வெளிய இழு. உள்ள இருக்குற சாக்கெட்ட விரலாலயோ சின்ன குறடாலயோ அசையாம புடிச்சுக்க. அப்புறம் வெளிய நட்ட திருகு. உள்பக்கம் பல்லு பல்லா ஒரு வாஷர் இருக்கான்னு பாரு, அதான் சாக்கெட் சுத்தாம கடிச்சிட்டு நிக்கும், மலிவான பேஸ்ல நிறைய நேரம் அத போடுறதே இல்ல. இல்லன்னா ஒண்ணு வாங்கிப் போட்டுடு.

தட்ட இழுக்கும்போது மெதுவா இழு, ஒயர் ரொம்ப நீளம் இருக்காது.

7 மே, மதியம் 2.15

ஆராதனை முடிஞ்சு வந்து சாப்ட்டு இத எழுதுறேன். விட்டுப்போன ஒயர பத்தவெச்சுதான் ஆகணும் தம்பி, வேற வழி இல்ல. செல்லோடேப் போட்டு சுத்தி வெச்சா சரியாயிடுமான்னு கேட்டல்ல, ஆகாது.

எங்க அப்பா காட்பாடியில ரேடியோ மெக்கானிக். வால்வு ரேடியோ காலத்துல ஆரம்பிச்சு டேப் ரிக்கார்டர், டிவின்னு போயி கடைசில மிக்ஸி கிரைண்டர் வரைக்கும் பாத்தாரு. அவரோட 65 வாட்ஸ் சால்ட்ரிங் அயர்ன், மரக் கைப்பிடி போட்டது, இன்னும் என்கிட்டதான் இருக்கு. பேஸ் பின்பக்க மூடிய முதல் தடவ நான் தெறந்தப்ப எட்டிப் பாத்துட்டு "இன்னாடா இது, ரேடியோ மாதிரியே கீது"ன்னாரு. ரெண்டு வால்யூம் கண்ட்ரோல், ஒரு கண்டன்சர், ஒரு சாக்கெட், நாலஞ்சு ஒயரு. அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்ல. லியோ ஃபெண்டர் 1938-ல கலிஃபோர்னியா ஃபுல்லர்டன்ல ரேடியோ ரிப்பேர் கடை போட்ட ஆளு. 1951-ல பிரிசிஷன் பேஸ கொண்டு வந்தாரு, ஆனா கிட்டார் வாசிக்கவே அவருக்கு தெரியாது. ரிப்பேர்காரன் பண்ண வாத்தியம், அதான் கழுத்துல இருந்து எல்லாமே ஸ்க்ரூவுல நிக்குது, கழட்டலாம் மாட்டலாம். வீணைய இப்படி கழட்ட முடியுமா.

சரி வேலைக்கு வரேன். சாக்கெட்ல ஒயர் பத்தவெக்கறதுக்கு ரெண்டு காது இருக்கும். நீளமா வளைஞ்ச தகடு ஒண்ணு கேபிள் நுனிய தொடும், அந்த தகட்டோட சேந்த காது சவுண்டு. உருளையோட ஒட்டின காது எர்த். கருப்பு ஒயர் இல்லன்னா மூடாத பின்னல் ஒயர் எர்த்துக்கு, வெள்ளையோ சிவப்போ சவுண்டுக்கு. மாத்தி வெச்சா கிட்டாரு பாடும், ஆனா கூடவே கம்பெனி சங்கு மாதிரி ஒரு ஹம்மு, கம்பிய தொட்டா இன்னும் ஏறும்.

ஒயர் நுனிய அரை சென்டிமீட்டர் உரிச்சு முறுக்கி, சால்ட்ரிங் பேஸ்ட்ல தொட்டு அதுல மொதல்ல கொஞ்சம் லெட், அதாவது பத்தவெக்கற ஈயம், ஏத்து. காதுலயும் ஏத்து. அப்புறம் ரெண்டையும் சேத்து வெச்சு அயர்ன காதுல வெச்சு ரெண்டு மூணு செகண்டு, லெட்ட அயர்ன்ல காட்டாத, சூடான காதுல காட்டு, தானா உருகி ஓடும். உருகினதும் அயர்ன எடுத்துட்டு ஆறுற வரைக்கும் ஒயர ஆட்டாம புடி. ஆறினதுக்கு அப்புறம் பளபளன்னு இருந்தா புடிச்சிருக்கு. முத்தின வெல்லப்பாகு மாதிரி மங்கலா பொரபொரன்னு இருந்தா புடிக்கல, திரும்ப சூடு காட்டு.

ஃபேன நிறுத்தணும். கத்திரி வெயில்ல, வேலூர்ல, ஃபேன நிறுத்திட்டு கையில சூட்டுக்கோல வெச்சுக்கிட்டு உக்காந்தா எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா ஃபேன் ஓடினா லெட் அரைகுறையா ஆறிடும். காலைல ஆறு மணிக்கு பண்ணு. பேஸ் மேல பழைய லுங்கிய ரெண்டா மடிச்சு விரி, என் பேஸ்ல வால்யூம் குமிழ் பக்கத்துல பட்டாணி சைசுக்கு ஒரு தழும்பு இருக்கு, விரிக்காம பண்ணதுக்கு கூலி.

7 மே, மதியம் 2.40

புது சாக்கெட்டே போட்டுடலாம்னா வேலூர் லாங் பஜார் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைல "பி38 சாக்கெட், மோனோ, ஓபன் மாடல்"னு கேளு. கிட்டார் ஜாக்னு கேட்டா முழிப்பாங்க. சுத்தி பிளாஸ்டிக் டப்பா மாதிரி மூடினது வேணாம், தகடு கண்ணுக்கு தெரியற மாடல் வாங்கு, தகடு தளந்து போனா லேசா உள்பக்கமா அழுத்தி விட்டுக்கலாம். நான் கடைசியா வாங்கினப்ப அறுபது ரூபா. ஆயிரத்து இருநூறுல மிச்சத்துக்கு ஒரு செட் கம்பி வாங்கிக்க.

8 மே, காலை 7.10

தம்பி, நிறுத்து. வாங்காத. உன் பேஸ் பின்னாடி 9 வோல்ட் பேட்டரி போடுற மூடி இருக்கா?

8 மே, மதியம் 1.20

இருக்காம். போட்டோவும் அனுப்பியிருக்கான், சாக்கெட்ல மூணு காது.

நைட்டு படுத்தப்பதான் தோணிச்சு, காலைல முழிச்ச உடனே எழுதினேன். பேட்டரி போடுற பேஸ்ல, அதாவது ஆக்டிவ் பேஸ்ல, சாக்கெட் மோனோ கிடையாது, ஸ்டீரியோ. மூணாவது காதுல பேட்டரியோட கருப்பு ஒயர் வந்து உக்காந்திருக்கும். சாதாரண கேபிள சொருகினதும் பின்னோட உருளை அந்த மூணாவது தகட்டையும் எர்த்தையும் சேத்து தொடும், அப்பதான் பேட்டரி ஆன் ஆகும், கேபிள உருவினா ஆஃப். அந்த சாக்கெட்டே ஒரு சுவிட்சு. மோனோ போட்டிருந்தா ஒண்ணு பேட்டரி ஆனே ஆகாது, இல்ல கருப்பு ஒயர எர்த்தோட சேத்து பத்தவெச்சா எப்பவும் ஆன்லயே இருந்து கொஞ்ச நாள்ல காலி. என்னோடது பேட்டரி இல்லாத பழைய பாசிவ் பேஸ், அதே நெனப்புல எழுதிட்டேன். தப்பு என்னோடது.

"ஸ்டீரியோ பி38"னு கேளு. விட்டுப்போனது எந்த காதுன்னு போட்டோல தெரியுது, எர்த் காது. மத்த ரெண்டையும் தொடாத. அதுலயே சரியா பத்தவெச்சா புது சாக்கெட்டே தேவைப்படாது.

இதுல இன்னொண்ணு, வாசிச்சு முடிச்சதும் கேபிள உருவி வெக்கற பழக்கம் வேணும். சொருகியே சுவத்துல சாச்சு வெச்சா ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி கரைஞ்சிட்டே இருக்கும். புது பேட்டரி மல்டிமீட்டர்ல ஒன்பது வோல்ட்டுக்கு மேல காட்டும். எட்டுக்கு கீழ வந்துட்டா மாத்திடு, அதுக்கு மேல இழுத்தா சத்தம் கிழிஞ்சாப்ல வரும், நீ ஸ்பீக்கர் போச்சுன்னு நெனப்ப. நாக்குல வெச்சு பாக்குற ஆளுங்களும் இருக்காங்க, எங்க சர்ச்ல ஒருத்தர் நாக்குல வெச்சே எத்தனை வோல்ட்டுன்னு சொல்லுவேன்னு சவால் விடுவாரு. சொன்னது ஒரு நாளும் சரியா இருந்ததில்ல.

9 மே, இரவு 8.30

ஸ்பானர் விஷயத்துலயும் ஒரு திருத்தம். 13 போட்டா லேசா ஆடும், நட்டோட முனை மழுங்கும். இந்த மாதிரி சாக்கெட் நட்டு அரை இஞ்சு, அதாவது 12.7 மில்லி. என்கிட்ட இருக்குறது அப்பாவோட அரை இஞ்சு ஸ்பானர், அதையே இத்தனை வருஷம் பதிமூணுன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன், இன்னைக்குதான் கண்ணாடி போட்டு மேல எழுதியிருக்குறத படிச்சேன்.

தம்பி நாளைக்கு காலேஜ் விட்டு வர்ற வழியில காட்பாடியில என்ன பாத்து ஸ்பானரையும் அயர்னையும் வாங்கிட்டு போறான். திருவிழா முடிஞ்சதும் குடுத்துடணும் டேய்.

16 மே, காலை 10.00

சாக்கெட் சரியாயிடுச்சு, அவனே பத்தவெச்சானாம், மூணாவது தடவைல பளபளன்னு வந்துச்சாம். சிரசு திருவிழா கூட்டத்துல குடியாத்தத்துல நடக்கவே எடம் இருக்காது, அந்த நெரிசல்லயும் கச்சேரி முழுக்க வாசிச்சிருக்கான். சந்தோஷம்.

ஆனா அவன் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு புடிக்கல. மைக் பக்கம் கோரஸ் பாடப் போனப்ப ஒதட்டுல சுருக்குனு கரெண்ட் அடிச்சிருக்கு. "பரவால்ல அண்ணா, லேசாதான்"ங்கிறான். பரவால்ல கிடையாது. நீ பத்தவெச்சது தப்பும் கிடையாது, சரியா பத்தவெச்சதாலதான் கம்பிக்கும் ஆம்ப்புக்கும் எர்த் தொடர்பு முழுசா இருக்கு. கம்பி, கம்பியோட கீழ் முனைய புடிச்சிட்டு இருக்குற பிரிட்ஜ் தகடு, சாக்கெட், கேபிள், ஆம்ப்போட இரும்பு டப்பா எல்லாம் ஒரே ஒயரு. ஆம்ப்புக்கு பிளக்ல எர்த் இல்லன்னா அந்த டப்பா மேல இருக்குற கசிவு நேரா உன் கைக்கு வரும். மைக் வேற ஒரு லைன்ல, மிக்ஸர் வழியா எர்த்ல இருக்கும். கைல ஒண்ணு, ஒதட்டுல ஒண்ணு, நடுவுல நீ.

பிளக்கு எப்படி மாட்டியிருந்தாங்கன்னு கேட்டேன். பிளக்கே இல்லையாம். ரெண்டு ஒயர உரிச்சு சாக்கெட்ல சொருகி தீக்குச்சி வெச்சு இறுக்கியிருக்காங்க. குடியாத்தம் தீப்பெட்டி ஊருதான், அதுக்காக இப்படியா.

16 மே, காலை 10.25

பயமுறுத்திட்டேனோன்னு தோணுது, அதனால செய்ய வேண்டியதையும் சொல்லிடுறேன். பெரிய பின்னு இருக்குற மூணு பின் பிளக்கு, எல்லாத்தையும் ஒரே போர்டுல, ஆம்ப்பும் மிக்ஸரும் கீபோர்டும் ஒரே எடத்துல இருந்து எடுக்கணும். ஜெனரேட்டர்னா எர்த் கம்பி மண்ணுல அடிச்சிருக்காங்களான்னு பந்தல்காரர கேளு. மேடை ஏறினதும் மீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு ஒரு முள்ள கம்பிலயும் இன்னொண்ண மைக் வலையிலயும் வை. ஒண்ணு ரெண்டு காட்டினா விடு. நாப்பது அம்பதுன்னு காட்டினா எர்த் சரி பண்ற வரைக்கும் மைக் பக்கம் போகாத, வாசிக்கவும் வாசிக்காத.

16 மே, மாலை 6.50

ஆம்பூர் அண்ணன் ஒருத்தர் ஹம்மு வந்தா ஆம்ப்போட எர்த் பின்ன புடுங்கிட்டா போயிடும், முப்பது வருஷமா அதான் பண்றோம்னு எழுதியிருக்காரு. ஹம்மு போகும், உண்மைதான் அண்ணே. நீங்களும் போயிடப் போறீங்க. கோச்சுக்காதீங்க.

ஹம்முக்கு வேற வழி இருக்கு. கம்பிய கையால தொட்டா ஹம்மு குறையுதா? அப்ப பேஸ் எர்த் நல்லா இருக்கு, கொஞ்சம் ஹம்மு சாதாரணம். தொட்டா மாற்றமே இல்லையா? பிரிட்ஜுக்கு கீழ ஒரு ஒயர் வரும், மூடாத நுனி, பிரிட்ஜ் தகடு அழுத்திப் புடிச்சிட்டு இருக்கும், அது நழுவியிருக்கும், இல்ல அந்த ஒயரோட மறுமுனை வால்யூம் கண்ட்ரோல் முதுகுல இருந்து விட்டுப் போயிருக்கும். மீட்டர பீப்ல வெச்சு ஒரு முள்ள கம்பிலயும் இன்னொண்ண சாக்கெட் உருளையிலயும் வை, பீப் அடிக்கலன்னா அதான். வால்யூம் கண்ட்ரோல் முதுகுல பத்தவெக்கறதுக்கு 25 வாட்ஸ் அயர்ன் பத்தாது, அந்த தகடு சூட்ட குடிச்சிட்டே இருக்கும். முதுக உப்புத்தாள் போட்டு சுரண்டிட்டு பெரிய அயர்ன்ல சட்டுனு பண்ணணும், ரொம்ப நேரம் வெச்சா உள்ள கருகிடும்.

நம்ம ஊரு கரெண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸ்ல தடிச்ச கம்பில மூணாவது கட்டு (கழுத்துல குறுக்க இருக்குற உலோகப் பட்டை, ஃப்ரெட்) ஜி, அது 49 ஹெர்ட்ஸ். அதனால ஜி ஸ்கேல்ல பாட்டு வந்தா ஹம்மும் சுருதி சேந்து கூடவே பாடும், யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. ஏ ஸ்கேலுக்கு போனா மாட்டிக்குவ.

2 ஜூன், இரவு 10.15

வால்யூம் குமிழ திருப்பினா கரகரங்குதேன்னு புதுசா ஒருத்தர் கேட்டிருக்காரு. உள்ள கரி பாதை மேல தூசி. காண்டாக்ட் கிளீனர்னு டப்பால வரும், மூடிய தெறந்து காதுங்க இருக்குற பக்கம் ஒரு ஓட்டை மாதிரி தெரியும், அதுல ஒரு சின்ன ஸ்ப்ரே, அப்புறம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவ திருப்பு. அதுக்கும் அடங்கலன்னா தேஞ்சு போச்சு, மாத்து. பாசிவ் பேஸ்ல பெரும்பாலும் 250 கே, பிக்கப்பு (கம்பி அதிர்வ புடிக்கிற காந்தக் கட்டை) டபுள் காயில்னா 500 கே, பழசுமேலயே எழுதியிருக்கும், அதையே வாங்கு. குமிழ கழட்டும்போது பக்கவாட்டுல குட்டி ஸ்க்ரூ இருக்கான்னு பாத்துட்டு இழு.

எண்ணெய் விடாத. இது அனுபவம். எனக்கு பத்தொன்பது வயசு, கைல காசு இல்ல, கிளீனர்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. சைக்கிள் செயினுக்கு விடுறாப்ல வால்யூம் கண்ட்ரோல்ல ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டேன். அப்பா ஊர்ல இல்ல. அட அட, வெண்ணெய் மாதிரி திரும்பிச்சு, கரகரப்பும் போச்சு. அது அக்டோபர். கிறிஸ்மஸ் அன்னைக்கு விடியக்காலை ஆராதனை, நல்ல பனி, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு போயி பேஸ எடுத்து வால்யூம திருப்புறேன், நகரல. தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிடும், குளியலறையில பாட்டில்ல வெள்ளையா நிக்குமே அதேதான், உள்ள நின்னுட்டு இருக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செவக்க செவக்க திருகினேன், ஒரு கால்வாசி வந்து நின்னுடுச்சு. முதல் பாட்டு முழுக்க அந்த கால் வால்யூம்லதான். வெயில் ஏற ஏற தானா இளகிச்சு, கடைசிப் பாட்டுக்கு முழு வால்யூம் வந்துச்சு, பாஸ்டர் "இன்னைக்கு கடைசி பாட்டு நல்லா எழும்பிச்சு"ன்னாரு.

பொங்கலுக்கு அப்பா கழட்டிப் பாத்து, உள்ள எண்ணெயும் தூசியும் சேந்து கருப்பா களிம்பு மாதிரி நிக்குது, என்ன ஒரு பார்வை பாத்தாரு. திட்டல. அதான் இன்னும் வலிக்குது.

3 ஜூன், காலை 6.45

டபிள்யூடி 40 விடலாமான்னு உடனே ரெண்டு பேர். சாதா டப்பா வேணாம், அது துருவுக்கு. பிரிட்ஜ் ஸ்க்ரூவுக்கு வெச்சுக்க.

11 ஜூன், இரவு 9.00

பெல்ட்டு மாட்டுற பட்டன் ஸ்க்ரூ ஓட்டை பெருசாகி புடுங்கிட்டு வருதா? இதுக்கு குடியாத்தம் தீக்குச்சி நல்லா உதவும், சாக்கெட்ல சொருகுறத விட. மருந்து மண்டைய ஒடிச்சு போட்டுட்டு, குச்சிய ஃபெவிகால்ல முக்கி ஓட்டைல ரெண்டு மூணு இறுக்கமா எறக்கு, வெளிய நீட்டிட்டு இருக்குறத பிளேடால சீவு, ஒரு ராத்திரி விடு. மறுநாள் ஸ்க்ரூ மேல மெழுகுவர்த்திய தேச்சிட்டு கையாலயே திருகு. புது பெரிய ஸ்க்ரூ போடுறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும், போட்டா கொஞ்ச நாள்ல அதுவும் தளரும், மரமும் விரியும்.

12 ஜூன், காலை 7.30

தீக்குச்சி பிக்கார்டு (முன்பக்க பிளாஸ்டிக் தகடு) ஸ்க்ரூவுக்கு சரி, பெல்ட் பட்டனுக்கு பத்தாதுன்னு இப்ப தோணுது. பேஸ் நாலு கிலோ இருக்கும், அத்தனையும் அந்த ஒரு ஸ்க்ரூவுலதான் தொங்குது, தீக்குச்சி மரம் பஞ்சு மாதிரி. மூங்கில் குச்சி நல்லது. நான் போட்டது எரிஞ்சு முடிஞ்ச ஊதுபத்தி குச்சி, பக்கத்து வீட்டு அக்கா சாமிக்கு ஏத்திட்டு மிச்சம் வெக்கறத கேட்டு வாங்கினேன். எதுக்குன்னு கேட்டாங்க, சர்ச்ல பேஸ் வாசிக்கறதுக்குன்னேன், ஒண்ணும் சொல்லாம ஒரு கட்டு குச்சிய கைல குடுத்தாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு, அசையல.

பட்டனுக்கு அடியில ஒரு தோல் வாஷர் போடு, மரத்த கடிக்காது. நான் ராணிப்பேட்டைல தோல் கம்பெனில கணக்கு எழுதுறவன், எனக்கு வெட்டு துண்டு பஞ்சமில்ல. உங்களுக்கு கெடைக்கலன்னா பழைய செருப்பு.

20 ஆகஸ்ட், மாலை 5.10

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இந்த வாட்டி என் பேஸ்லயே ஒரு கோளாறு. ரெண்டாவது கம்பி அடிச்சா கிண்ண்ண்னு ஒரு உலோக அதிர்வு. கட்டு தேஞ்சுதுன்னு நெனச்சேன், கழுத்து வளைஞ்சுதுன்னு நெனச்சேன், ரெண்டு நாள் தூக்கம் இல்ல. அப்புறம் ஒவ்வொரு எடமா விரல வெச்சு அழுத்திக்கிட்டே அடிச்சுப் பாத்தேன், பிரிட்ஜ்ல ரெண்டாவது சேடில் (கம்பி உக்காருற குட்டி உலோகக் கட்டை) மேல விரல் வெச்சதும் நின்னுடுச்சு. சேடிலோட குட்டி ஸ்க்ரூல ஒண்ணு தரைய தொடாம அந்தரத்துல ஆடிட்டு இருந்துருக்கு. அரை சுத்து எறக்கினேன், அடங்கிடுச்சு. திரும்ப தளராம இருக்க மகளோட நெயில் பாலிஷ்ல ஒரு சொட்டு ஸ்க்ரூ தலைல. ரோஸ் கலர்தான் இருந்துச்சு. நல்லாதான் இருக்கு.

அந்த ஸ்க்ரூவுக்கு 1.5 மில்லி ஆலன் கீ. அமெரிக்க பேஸ்ல இஞ்சு கணக்கு, அதுல 1.5-ஐ வெச்சு அழுத்துனா பள்ளம் வட்டமாயிடும், அப்புறம் எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். வேர்வையில துருப்புடிச்சிருந்தா அந்த துரு எண்ணெய் (டபிள்யூடி 40) ஒரு சொட்டு வெச்சு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல திருப்பணும். அவசரப்பட்டு நான் ஒண்ண ஒடிச்சிருக்கேன்.

21 ஆகஸ்ட், காலை 8.05

ஸ்க்ரூவ திருப்பினதுல கம்பி ஒசரம் மாறிடுச்சு, ஒசரம் மாறினதுல சுருதியும் மாறிடுச்சு. 12-வது கட்டுல லேசா தொட்டு வர்ற மணிச் சத்தமும் அதே கட்ட அழுத்தி வர்ற சத்தமும் ஒண்ணா இருக்கணும். அழுத்துனது தூக்கலா இருந்தா சேடில பின்னுக்கு இழு, கம்மியா இருந்தா முன்னுக்கு தள்ளு. நேத்து இத எழுதாம விட்டது எனக்கே வினையாச்சு, ப்ராக்டிஸ்ல கீபோர்டு பையன் என்ன பாத்து காத தடவினான். அதே பையன்தான்.

5 நவம்பர், இரவு 9.20

ராணிப்பேட்டை சார் ஒருத்தர் டிரஸ் ராட (கழுத்து வளையாம இருக்க உள்ள போட்டிருக்குற இரும்புக் கம்பி) எத்தனை சுத்து திருப்பணும்னு கேக்குறாரு. சுத்தா? கால் சுத்து சார், அதுக்கு மேல ஒரே நாள்ல போகக் கூடாது. திருப்பிட்டு ஒரு நாள் விட்டு பாக்கணும். முதல் கட்டையும் கடைசி கட்டையும் அழுத்திப் புடிச்சா நடுவுல ஏழெட்டாவது கட்டுகிட்ட ஒரு விசிட்டிங் கார்டு நுழையற எடம் இருந்தா போதும், தொடவே தொடாதீங்க. மழைக்காலத்துல ஒரு மாதிரி இருக்கும், கத்திரில ஒரு மாதிரி இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் திருகிட்டு இருந்தா ஒரு நாள் டக்குனு ஒரு சத்தம் கேக்கும். அந்த சத்தத்துக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல. வெயில்ல வண்டிக்குள்ள பேஸ விட்டுட்டு போறத நிறுத்துங்க, பாதி சரியாகும்.

டியூனிங் நிக்கலங்கிற ரெண்டாவது கேள்விக்கு: கீ மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி கம்பி எப்படி சுத்தியிருக்குன்னு பாருங்க. ரெண்டு மூணு சுத்து, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எறங்கணும், நீங்க அனுப்புன போட்டோல கோணி தைக்கிற கயிறு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. புதுக் கம்பிய வெட்டும்போது முதல்ல மடக்குங்க, அப்புறம் வெட்டுங்க, மடக்காம வெட்டினா உள்கம்பிக்கு மேல சுத்தினது தளந்துடும்.

17 டிசம்பர், இரவு 10.50

கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பிச்சாச்சு, இன்னைக்கு சத்துவாச்சாரி. மூணாவது வீட்டு வாசல்ல என் பேஸ் கரகரன்னுச்சு. கேபிள மாத்திப் பாத்தேன், அதே கரகர. சாக்கெட் நட்டு விரலாலயே சுத்துது. தட்ட கழட்டி உள்ள கைய விட்டு புடிச்சுக்கிட்டு ஸ்பானருக்கு கைய நீட்டினேன், மே மாசம் குடியாத்தம் போன ஸ்பானர் இன்னும் குடியாத்தத்துலயே இருக்கு.